எழுத்தை உள்ளே வைத்து மடித்த தாள்

அவளுக்கு விரல் ரேகை கிடையாது. பிறக்கும்போது எல்லாரையும் போல அவளுக்கும் இருந்ததுதான். அன்னாசிப் பழம் அதைத் தின்றுவிட்டது.

பன்னிரண்டு வருடம் பழ ஆலையின் வெட்டு மேசையில் நின்றவள் அவள். கையுறை கொடுப்பார்கள். கத்தி வழுக்குகிறது என்று அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையால் வெட்டுவாள். நாள் முழுக்கச் சாறு கையில் ஓடும். முதலில் விரல் நுனி வழவழப்பானது, பிறகு சிவந்தது, பிறகு உப்புப் பட்டால் உயிர் போனது. ஒரு நாள் ஆலை வாசலில் விரலை வைத்துத் திறக்கும் கதவு வந்தது. எல்லாருக்கும் பச்சை விளக்கு எரிந்தது, இவளுக்கு மட்டும் சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். கால் விரலையும் வைக்கச் சொல்லலாமா என்று காவலாளி யோசித்தான். கடைசியில் அவளுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆலையில் அவளுக்கு 'ரேகை அக்கா' என்று பெயர். இல்லாத ஒன்றைப் பெயராக வைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெட்டு மேசையை விட்டு வந்து வருடங்கள் ஆகியும் ரேகை சரியாகத் திரும்பவில்லை. வந்த கொஞ்சநஞ்சமும் காகிதத்தில் தேய்ந்து போயிற்று.

காகிதம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பழம் டின்னுக்குப் போகும். தண்டும் நடுக்கட்டையும் முன்பெல்லாம் குப்பைக்குப் போகும். பிறகு யாரோ படித்தவர் வந்து, அந்தத் தண்டில்தான் சங்கதியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தண்டைப் பிழிந்து, சாற்றை வடித்து, குளிர வைத்துக் காயவைத்தால் வெளிர் மஞ்சளாக ஒரு தூள் வரும். இறைச்சியில் ஒரு சிட்டிகை தடவினால் எப்பேர்ப்பட்ட முற்றலும் அரை மணியில் பஞ்சாகிவிடும். அதையே மாவோடு கலந்து கேப்ஸ்யூலில் அடைத்து, 'உணவு செரிக்க, வீக்கம் வடிய' என்று டப்பாவில் ஒட்டி விற்றார்கள். ரேகை அக்கா ஐந்து வருடம் தூள் அறையில் சலித்தாள். அதன் பிறகு மூன்று வருடமாகக் கட்டும் பிரிவில் இருக்கிறாள். டப்பாவுக்குள் வைக்கும் விவரத்தாளை நாலாக மடிப்பது அவள் வேலை. எழுத்து உள்பக்கம் போக வேண்டும், வெளியே வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதுதான் சட்டம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தாள் மடிப்பாள். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கடையில் பொட்டலம் கட்டுகிறவன் பேப்பரில் என்ன செய்தி என்று பார்த்துக்கொண்டா கட்டுகிறான்?

தூளைக் கண்டு அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. தூள் அறையில் இவளோடு ஒருத்தி இருந்தாள், வாய் ஓயாமல் பாடுவாள். பாட வசதியாக முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொள்வாள். முதலில் தும்மல், பிறகு இருமல், பிறகு படி ஏறினால் இளைப்பு. சளிதான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு நாள் காலை சல்லடையைப் பிடித்தபடியே மூச்சு இழுக்க ஆரம்பித்து, உதடு நீலமாகி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் மறுபடி அந்த அறைப் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு பெண்கள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்தத் தூள் மூக்குக்கு ஆகாது, வயிற்றுக்கு நல்லது. யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டுவாள்.

அந்த முடிவின் பேரில்தான் தட்டுத்தூள் வீடுகளுக்குப் போனது. காயவைக்கும் தட்டுகளின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, காகிதத்தில் மடித்து, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போவார்கள். மேற்பார்வையாளர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தை ஆராய்வார். எடுக்கவும் கூடாது, எடுக்காமலும் இருக்க முடியாது, அப்படி ஒரு ஏற்பாடு.

இனி அவள் கணவர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே முப்பது வருடம் ஓட்டியவர். ஊரே அவரை பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பழக்கம் வீட்டிலும் விடவில்லை. பால் பொங்கி வந்தால் அவர் வலது கால் தரையை மிதிக்கும். தொலைக்காட்சியில் யாராவது மாடியிலிருந்து விழுந்தால் மிதிக்கும். கல்யாணத்தன்று இவள் கழுத்தில் மாலை போடும்போதுகூட மிதித்தார் என்று இவள் சொல்வாள், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் காலில் இரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது. நாள் முழுக்கக் காரில் மடங்கி உட்கார்ந்ததால் இருக்கலாம் என்றார் டாக்டர். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். மாதம் ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும் என்றார். "வேற எந்த மருந்து எடுத்தாலும் என்னைக் கேட்டுட்டு எடுங்க" என்று இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார். மாஸ்டர் வெளியே வந்ததும், "இந்த ஒரு மாத்திரை போதும். இதுக்கு மேல ஒண்ணு கொடுத்தா கார்ல இருந்து குதிச்சிடுவேன்" என்றார். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டாத மனிதர், குதிப்பதாகச் சொன்னது இவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது என்று தினம் புலம்புவார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பார். பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் இவள் தட்டுத்தூள் பேச்சை எடுத்தாள்.

"உன் விரலையே தின்ன சாமான். என் வயித்தை மட்டும் விட்டு வைக்குமா? வேண்டவே வேண்டாம்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மாலையில் அவர் குடிக்கும் பழச்சாற்றில் ஒரு ஸ்பூன் தூளைக் கலக்கினாள். அவருக்குத் தெரியவில்லை. வயிறு இலேசாக இருக்கிறது என்று இரண்டாம் வாரம் அவரே சொன்னார். இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொல்லாமல் செய்கிறோமே என்று உறுத்தல் இருந்தது, ஆனால் அது மருந்து இல்லையே, பழம்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் வாரத்தில் அவர் முன்கையில் நீலமாக ஒரு திட்டு. சீட் பெல்ட் கொக்கி இடித்திருக்கும் என்றார். தொடையில் ஒன்று. கட்டில் கால் இடித்திருக்கும். பல் துலக்கும்போது வாஷ்பேசினில் சிவப்பு. ஆடிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது. ஆனாலும் அந்தச் சிவப்பை அவள் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார் பல் டாக்டரம்மா. போன மாத இரத்த அறிக்கையைப் பார்த்து, மாத்திரை கொடுத்த பெரிய டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டு, அளவு சரியாக இருக்கிறது, பயமில்லை என்று நாள் குறித்தார். அந்த அறிக்கை தட்டுத்தூளுக்கு முன்னால் எடுத்தது. அது டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றார் மாஸ்டர். பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரேகை அக்காவும் தலையாட்டினாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குறித்த நாளன்று காலை வகுப்பு முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு அவர் தானே போய்க்கொள்வதாகச் சொன்னார். இவள் வேலைக்கு வந்துவிட்டாள். பத்தரைக்கு மேற்பார்வையாளர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டு வந்து மேசையில் போட்டார்.

"அக்கா, இது புதுத் தாள். வாங்கறவங்க கேட்டிருக்காங்க. எழுத்து பழசுதான், ஆனா இனிமே வெளியே வரணும். இந்தச் சிவப்புக் கட்டம் மேல தெரியற மாதிரி மடிங்க."

மூன்று வருடப் பழக்கம் கையில் ஊறிப் போயிருந்தது. முதல் பத்துத் தாளும் வெள்ளையாகவே மடிந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு பிரித்து, சிவப்புக் கட்டம் சரியாக மேலே வருகிறதா என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பார்த்தால் படிக்காமல் எப்படி இருப்பது?

'இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குதலோ செய்துகொள்ள இருப்பவர்கள், அன்னாசி ஒவ்வாதவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதை உட்கொள்ளக் கூடாது. இரத்தக் கசிவு உண்டாகலாம்.'

இரண்டாவது தடவை படித்தாள். சுவரில் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. பல்லைப் பிடுங்க இன்னும் இருபது நிமிடம். இந்த வரிகளைத்தான் மூன்று வருடமாக ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை மடித்து மடித்து உள்ளே வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முன்கையின் நீலமும் வாஷ்பேசின் சிவப்பும் ஒன்றாகக் கண் முன் வந்தன.

எழுந்து ஓடினாள். கைபேசி வாசலை ஒட்டிய பெட்டியில் பூட்டியிருந்தது. சாவி நுழைய மறுத்தது. திறந்து கணவருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காரில் இருந்தால் அவர் எடுக்க மாட்டார். வண்டியில் போனைத் தொடுகிறவன் கையை ஒடிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் ஆயிற்றே. பல் டாக்டரம்மாவின் எண் அவர் சட்டைப் பையில் இருக்கும் சீட்டில் இருந்தது.

வாசல் கதவு மூடியிருந்தது. பதற்றத்தில் தனக்கு ரேகை இல்லை என்பதே மறந்து விரலை வைத்தாள். சிவப்பு. மறு விரல். சிவப்பு. நோட்டுப் புத்தகம் காவலாளியிடம், காவலாளி பின் வாசலில் லாரியை உள்ளே விடப் போயிருந்தான். கதவைக் கையால் தட்டினாள். சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்தார்.

"என்னக்கா, வேலை நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க? வெளிய போகச் சீட்டு வேணுமே."

"கதவைத் திறங்க சார். எங்க வீட்டுக்காரருக்குத் தட்டுத்தூள் கொடுத்துட்டேன். மூணு வாரமா. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறார். இப்போ பல்லு பிடுங்கப் போயிருக்கார்."

சொல்லி முடித்த பிறகுதான் தூள் எடுத்துப் போனதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. வேலை போனால் போகட்டும் என்று நின்றாள். மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. முகம் வெளுத்துப் போயிற்று.

"எங்க அப்பாவுக்கும் கொடுக்கறேன்க்கா" என்றார் மெதுவாக. "அவரும் நெஞ்சுக்கு ஏதோ மாத்திரை சாப்பிடறார். என்ன மாத்திரைன்னு நான் கேட்டதே இல்ல." தன் விரலைக் கதவில் வைத்தார். பச்சை எரிந்தது. அவள் வெளியே ஓடும்போது அவர் கைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்து உடனே வந்ததைப் பாக்கியம் என்று நினைத்தாள். அது இரண்டு நிறுத்தம்தான் நிலைத்தது. நாற்சந்தியில் ஒரு கார் குறுக்கே நின்று இருமிக்கொண்டிருந்தது. தலையில் பயிற்சிப் பலகை, கதவில் அவள் கணவர் வேலை பார்க்கும் பள்ளியின் பெயர். யாரோ ஒரு அம்மாள் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வேறொரு வாத்தியார். பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஒலி எழுப்பின. மற்ற நாளாக இருந்தால் இதை வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவர் அந்தக் காரில் இல்லை என்பது மட்டும் அவள் கண்ணில் பட்டது. பேருந்திலிருந்து இறங்கி ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பதினொன்று இருபது.

பல் மருத்துவமனையில் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மருந்து வாடை அடித்தது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. சாய்வு நாற்காலியில் அவர். வாய் நிறையப் பஞ்சு. வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு. டாக்டரம்மா இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் பல் கிடந்தது. அதைச் சுற்றிலும் சிவந்து ஊறிய பஞ்சு உருண்டைகள், எண்ண அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"பத்து நிமிஷம் ஆச்சும்மா. கொஞ்சம் அதிகமாத்தான் வருது. அறிக்கை சரியாத்தானே இருந்தது?" என்றார் டாக்டரம்மா. குரல் நிதானமாக இருந்தது, கை எடுக்கவில்லை.

மாஸ்டரின் கண் இவள் பக்கம் திரும்பியது. இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அந்தக் கண் கேட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். டாக்டரம்மாவால் கையை எடுத்துவிட்டு வர முடியாது. கணவர் முன்னாலேயேதான் சொல்ல வேண்டும்.

"டாக்டர், நான் அவருக்கு அன்னாசித் தூள் கொடுத்திருக்கேன். எங்க ஆலையில செய்யறது. செரிமானத்துக்கு. தினம் சாயங்காலம் சாறுல கலந்து. அவருக்குத் தெரியாது."

"கடைசியா எப்போ?"

"நேத்து."

"எவ்வளவு?"

"ஒரு ஸ்பூன்." அப்போதுதான் அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. தூள் அறையில் ஐந்து வருடம் நின்றவள் அல்லவா. கேப்ஸ்யூலுக்குள் போவது மாவு கலந்த தூள். தட்டில் சுரண்டியது எதுவும் கலக்காதது. "எட்டு கேப்ஸ்யூல் அளவு இருக்கும் டாக்டர். அதுக்கு மேலயும் இருக்கலாம்" என்றாள்.

அவர் வலது கால் நாற்காலியின் கால்பலகையை அழுத்தி மிதித்தது. எடுக்காமல் மிதித்தபடியே இருந்தது. நிற்காத எதையோ நிறுத்தப் பார்ப்பது போல இருந்தது. வாய் பேச முடியாது. கண்ணை அவளிடமிருந்து எடுத்துக் கூரையைப் பார்த்தார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிறகு பல நாள் நினைத்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், பெரிய மருத்துவமனைக்குச் சொன்னார், தையல் போட்டார். ஆம்புலன்ஸில் இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. அவள் விரல் நுனி வழவழப்பாக அவர் மணிக்கட்டில் நாடியைத் தேடியது. நாடி இருந்தது. அது இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தாள்.

அங்கே இரத்தத்தைப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு நீர்த்திருந்தது. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். மதியம் மூன்று மணிக்குக் கசிவு குறைந்தது, ஐந்து மணிக்கு நின்றது. அதுவரை அவள் வராந்தா இரும்பு நாற்காலியில் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மனிதர் போய்விட்டால் கொன்றவள் நான் என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை.

"தூள்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்" என்றார் பெரிய டாக்டர். "ஈறுல புண் வேற இருந்திருக்கு. இதைப் பத்தி ஆராய்ச்சியும் கம்மி. பல்லு எடுத்த பிறகு வீக்கம் வடிய இதையே கொடுக்கறவங்களும் உண்டு, சிலருக்குக் கொஞ்சம் கேட்குது. ஆனா இந்த மாத்திரை சாப்பிடறவர் மேல சோதனை பண்ணிப் பார்க்கக் கூடாதும்மா. பழம்னா பழமா சாப்பிடுங்க. தூளாக்கி ஸ்பூன்ல அள்ளினா அது மருந்து. அன்னைக்கே கேட்டிருந்தா ஒரு வார்த்தையில சொல்லியிருப்பேன்."

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஆலையில் தட்டுகளை இப்போது தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அவர் அப்பாவின் மாத்திரை வேறு வகை, தப்பித்தார். ரேகை அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரியில் இருந்த காகிதப் பொட்டலத்தை அவள் கழிவறையில் கொட்டி மூன்று தடவை தண்ணீர் விட்டாள்.

மாஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வாரம் முழுக்கக் கஞ்சியைத் தானே கலக்கிக்கொண்டார். பிறகு பேச்சு வந்தது, வகுப்புக் கதை வந்தது. நாற்சந்தியில் கார் நின்றதைக் கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார். சரியாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

பத்தாம் நாள் மாலை, மாத்திரை நேரத்தில், "தண்ணி கொண்டா" என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு அவர் அவளிடம் கேட்ட முதல் பொருள். அவள் ஓடிப்போய்க் கண்ணாடி டம்ளரைத் தேய்த்துக் கழுவி, நிறையப் பிடித்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினாள்.

"வெறும் தண்ணிதாங்க" என்றாள்.

"தெரியும்" என்றார்.

டம்ளரை வாங்கி, மாத்திரையை நாக்கில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஒரு நொடி தூக்கிப் பார்த்தார். அப்படிப் பார்ப்பது அவருக்கே தெரிந்திருக்காது. அவர் வலது கால் தரையை மிதித்தது. பிறகுதான் குடித்தார்.